கிளிமஞ்சாரோ நிதி திரட்டும் குழுவில் தனியாகச் சேரலாமா?

கேள்வியை என் சொற்களில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். லண்டனில் வசிக்கும் பெண் நீங்கள், வயது நாற்பத்தெட்டு. ஒரு புற்றுநோய் அறக்கட்டளை அடுத்த ஆண்டு தான்சானியாவின் கிளிமஞ்சாரோ மலைக்கு ஒரு குழுவை அனுப்புகிறது. முன்பணம் கட்டி, 4,500 பவுண்ட் திரட்டிக் கொடுத்தால் உங்களுக்கும் இடம் உண்டு. ஆப்பிரிக்காவில் கால் வைத்ததில்லை, குழுவில் ஒருவரையும் தெரியாது, மலையேற்றம் என்று சொன்னால் பழனிப் படிக்கட்டு மட்டும்தான். "பாதுகாப்பா? என்னால் முடியுமா?" என்று கேட்டுவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "பாதியில் திரும்ப வேண்டி வந்தால் காசு கொடுத்தவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?" எனக்கு அந்தக் கடைசி வரிதான் அசல் கேள்வியாகப் படுகிறது. மற்ற இரண்டுக்கும் விடை ஓரளவு அதற்குள்ளேயே இருக்கிறது.

நான் பொது மருத்துவர். பல ஆண்டுகளாக இப்படிப்பட்ட குழுக்களுடன் மருத்துவராகப் போய் வருகிறேன். ஆகவே உயரம், உடம்பு, குழு பற்றி நான் சொல்வதை நம்பலாம். பணம், வரி பற்றிச் சொல்வதை அறக்கட்டளையிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். உங்களை நேரில் பார்க்காமல் "நீங்கள் ஏறலாம்" என்று நான் சான்றிதழ் தர முடியாது. சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: போகலாம், ஆனால் எந்தப் பாதை, எத்தனை நாள் என்று பார்த்துவிட்டு மட்டும்.

கிளிமஞ்சாரோவின் உச்சியான உஹுரு 5,895 மீட்டர். கயிறு, பனிக்கோடரி எதுவும் வேண்டாம். நடக்கத் தெரிந்தால் போதும். விளம்பரங்கள் இதைத்தான் பெரிதாகச் சொல்கின்றன, அதில் பொய் இல்லை. சொல்லாமல் விடுவது காற்றழுத்தம். உச்சியில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதி. ஆக்ஸிஜன் அங்கேயும் 21 சதவீதம்தான், ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவு பாதியாகிவிடுகிறது. உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், அவகாசம் கொடுத்தால். மலை மருத்துவத்தில் பொதுவாகப் பின்பற்றப்படும் வழிகாட்டுதல் இது: 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வு கொடுங்கள்.

இப்போது மராங்கு பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். குடிசைகளில் தங்கலாம் என்பதால் அதற்குச் சொகுசான பாதை என்று பெயர். முதல் இரவு மண்டாரா குடிசை, சுமார் 2,720 மீட்டர். இரண்டாம் இரவு ஹொரொம்போ, சுமார் 3,720. மூன்றாம் இரவு கிபோ, சுமார் 4,720. அன்று நள்ளிரவே உச்சியை நோக்கிக் கிளம்ப வேண்டும். ஒவ்வொரு இரவும் ஆயிரம் மீட்டர் தாவுகிறீர்கள். ஐந்து நாள் மராங்கு என்று பட்டியலில் போட்டிருந்தால், எவ்வளவு நல்ல அறக்கட்டளையாக இருந்தாலும் நான் போகச் சொல்ல மாட்டேன். லெமோஷோ பாதையில் எட்டு நாள் என்றால் கதை வேறு. ஷிரா பீடபூமியில் இரண்டு இரவு, பிறகு 4,600 மீட்டரில் இருக்கும் லாவா டவர் வரை ஏறிவிட்டு அன்றே 3,950 மீட்டரில் இருக்கும் பர்ராங்கோ முகாமுக்கு இறங்கித் தூங்குவது, அடுத்த நாள் கரங்கா, அதற்கடுத்து உச்சிக்கு முந்தைய கடைசி முகாமான, 4,670 மீட்டரில் இருக்கும் பராஃபு. பகலில் உயரம் காட்டி இரவில் இறக்கிவிடும் இந்த ஏற்பாடு உடம்புக்கு ஒத்துவருகிறது. இதிலும் வழிகாட்டுதல் முழுமையாகக் காப்பாற்றப்படுவதில்லை, ஷிராவுக்கு ஏறும் நாளில் தாவல் கொஞ்சம் பெரிது. கிளிமஞ்சாரோவில் முழுக்கப் பாதுகாப்பான கால அட்டவணை என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. குறைவான தவறுள்ளதைத் தேர்ந்தெடுக்கிறோம், அவ்வளவுதான். மச்சாமே பாதை ஏழு நாள் என்றால் ஏற்றுக்கொள்ளலாம். ஆறு நாள் என்றால் அறக்கட்டளையைக் கேளுங்கள்: ஏன் ஒரு நாள் குறைத்தீர்கள்? பதில் பெரும்பாலும் பணமாகத்தான் இருக்கும். தேசியப் பூங்காவின் கட்டணம் நாள் கணக்கில் என்பதால் ஒரு நாள் குறைந்தால் ஆளுக்கு நூறு டாலருக்கு மேல் மிச்சம். "எங்கள் வெற்றி விகிதம் 98 சதவீதம்" போன்ற எண்களை நான் கணக்கில் எடுப்பதே இல்லை. அவை நிறுவனங்கள் தமக்குத் தாமே போட்டுக்கொள்ளும் மதிப்பெண்கள்.

உயர நோயைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். புதிய உயரத்துக்குப் போன சில மணி நேரத்தில் தலைவலி வந்து, கூடவே குமட்டல், தலைசுற்றல், அளவுக்கு மீறிய சோர்வு இவற்றில் ஒன்றிருந்தால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை அது உயர நோய்தான். லேசாக இருந்தால் அங்கேயே தங்கினால் சரியாகும். மோசமானால் இறங்க வேண்டும். இதற்கு விதிவிலக்கே கிடையாது. மூளையில் நீர் கோத்தால் ஆள் தள்ளாடுவார், பேச்சு குழறும், ஒரே கோட்டில் குதிகாலை விரல் தொட அடி வைத்து நடக்கச் சொன்னால் முடியாது. நுரையீரலில் நீர் கோத்தால் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் நிற்காது. இவை இரண்டும் உயிரைக் கொல்லக்கூடியவை. இரண்டுக்கும் முதல் மருந்து இறங்குவதுதான். ஆக்ஸிஜனும், டெக்ஸாமெத்தசோன், நிஃபெடிபின் என்ற மருந்துகளும் இறங்குவதற்கு அவகாசம் வாங்கித் தருபவை. உடல் உறுதி உயர நோயைத் தடுக்காது என்பதும் உறுதி. மாரத்தான் ஓடுபவர்கள் முதலில் விழுவதைப் பார்த்திருக்கிறேன், காரணம் எளிது: வேகமாக ஏறுகிறார்கள். கைடுகள் நாள் முழுக்க "போலே போலே" என்று சொல்லிக்கொண்டே வருவார்கள், மெதுவாக என்று பொருள். முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்தபடி, எரிச்சல் வரும் அளவுக்கு மெதுவாக நடக்க வேண்டும். அந்த வகையில் உங்கள் நாற்பத்தெட்டு வயது அனுகூலம்.

டயமாக்ஸ் என்று எல்லோரும் சொல்லும் அசெட்டசோலமைடும் உறுதியான பட்டியலில்தான் வரும். 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு முறை, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்கினால் உயர நோய் வரும் வாய்ப்பு குறைகிறது. அறிகுறிகளை அது மறைத்துவிடும் என்று ஒரு பயம் பரவலாக உண்டு; அப்படி இல்லை, உடம்பு பழகுவதைத்தான் அது வேகப்படுத்துகிறது. விரல் நுனிகள் மரத்துக் கூசும், அடிக்கடி சிறுநீர் போகும், சோடா பானங்கள் சப்பென்று இருக்கும். சல்ஃபா மருந்துக்குக் கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது. எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்றும் இல்லை. அதனால் முதல் மாத்திரையை லண்டனில் ஒரு வார இறுதியில் போட்டுப் பாருங்கள், மலையடிவாரத்தில் அல்ல.

சந்தேகத்துக்குரியவை சில உண்டு. விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் ஆக்ஸிமீட்டரை இப்போது எல்லாக் குழுக்களும் காலையும் மாலையும் போட்டுப் பார்க்கின்றன. பராஃபுவில் 80 சதவீதம் என்று காட்டும், சிலருக்கு அதற்கும் கீழே. அந்த எண்ணை வைத்து யாருக்கு நோய் வரும் என்று கணிக்க முடியுமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. எனக்கு எண்ணைவிட ஆள்தான் முக்கியம். 78 காட்டிக்கொண்டு சிரித்துப் பேசிச் சாப்பிடுகிறவரைவிட, 86 காட்டிக்கொண்டு ஓரமாகச் சுருண்டு படுத்திருப்பவர்தான் என்னைக் கவலைப்படுத்துவார். நிறையத் தண்ணீர் குடித்தால் உயர நோய் வராது என்பார்கள். நீரிழப்பு தலைவலி தரும், ஆகவே குடிப்பது நல்லது. ஆனால் தண்ணீர் தடுப்பு மருந்து அல்ல, அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் உப்புக் குறைந்து வேறு ஆபத்து. பூண்டுக்கும் இஞ்சிக்கும் நம்பத்தகுந்த சான்று இல்லை. நம்மவர்கள் கைலாசம், லே என்று போகும்போது கற்பூரத்தைத் துணியில் முடிந்து முகர்ந்துகொண்டே போவார்கள். மூக்கு திறந்தது போல இருக்கும். இரத்தத்தில் ஆக்ஸிஜன் ஒரு புள்ளிகூட ஏறாது. முகர்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வாயில் போட்டால் கற்பூரம் நஞ்சு.

உங்கள் ஜி.பி.யிடம், அதாவது குடும்ப மருத்துவரிடம், போகும்போது இரண்டு விஷயத்தைக் கேட்டு வாங்குங்கள். தெற்காசியரான நமக்குச் சர்க்கரையும் இதயக் குழாய் அடைப்பும் வெள்ளையரைவிட இளம் வயதிலேயே வருகின்றன. ஆகவே சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு பார்த்துவிட்டு, படியேறும்போது நெஞ்சு அழுத்துகிறது என்றோ குடும்பத்தில் இளவயது மாரடைப்பு என்றோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், இதயப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். இரண்டாவது, ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும். மாதவிலக்கு நிற்காத வயதில், அதுவும் சைவச் சாப்பாடு என்றால், இரும்புச்சத்து குறைவாக இருப்பது மிகச் சாதாரணம். ஆக்ஸிஜனைச் சுமப்பதே ஹீமோகுளோபின்தான் என்னும்போது, பத்து கிராமோடு பராஃபுவில் நிற்பது வீண் வேலை. ஆறு மாதம் முன்னால் தெரிந்தால் மாத்திரையிலேயே சரிசெய்துவிடலாம். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவராக இருந்தால் இன்னொன்று: குளிரில் குளுக்கோமீட்டர் வேலை செய்யாமல் போகும், இன்சுலின் உறையும், இரண்டையும் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருக்க வேண்டும். மாதவிலக்குத் தேதி மலையில் தப்பி வருவது வழக்கம், ஆகவே கணக்குப் பார்க்காமல் வேண்டியதை எடுத்துப் போங்கள்.

இனி உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். நிதி திரட்டும் குழுக்களுக்கும் சாதாரண மலையேற்றக் குழுக்களுக்கும் நான் காணும் பெரிய வித்தியாசம் இதுதான்: முதல் வகையினர் தலைவலியை மறைக்கிறார்கள். சொந்தக் காசில் வந்தவர் "முடியவில்லை" என்று சொன்னால் அவருக்கு மட்டும்தான் நட்டம். நிதி திரட்டியவருக்கு இருநூறு பேர் பின்னால் நிற்பது போல. அலுவலகம், கோயில் நண்பர்கள், பிள்ளைகளின் பள்ளி என்று எல்லோரும் பணம் போட்டிருக்கிறார்கள். இறந்துபோன ஒருவரின் புகைப்படம் சட்டைப் பையில் இருக்கிறது, உச்சியில் அதோடு படம் எடுத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். மனைவியை இழந்த ஒருவர் பராஃபு முகாமில் இரவு பதினொரு மணிக்கு, நான்கு அடி நேராக வைக்க முடியாத நிலையில், "எட்டாயிரம் பவுண்ட், டாக்டர், எட்டாயிரம் பவுண்ட்" என்று என்னிடம் கெஞ்சினார். ஊசியும் ஆக்ஸிஜனும் கொடுத்து, துணைக் கைடு ஒருவரும் சுமை தூக்கும் போர்ட்டர்கள் இருவரும் கைத்தாங்கலாக அவரை இருட்டிலேயே இறக்கிக் கொண்டுபோனார்கள். விடிந்தபோது கீழ் முகாமில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். ஊருக்குத் திரும்பிய பிறகு அவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டவர் ஒருவரும் இல்லை.

யாரும் கேட்க மாட்டார்கள். மனிதர்கள் உங்களுக்காகவும் அந்த நோய்க்காகவும் கொடுக்கிறார்கள், உயரத்துக்காக அல்ல. ஆனால் நள்ளிரவில், 4,670 மீட்டரில், மூளைக்கு ஆக்ஸிஜன் குறைந்திருக்கும்போது இந்த நியாயம் எடுபடாது. அதனால் அதை இப்போதே எழுதி வைத்துவிட வேண்டும். உங்கள் நிதி திரட்டும் பக்கத்தில் "உச்சியை அடைவேன்" என்று போடாதீர்கள். "கிளிமஞ்சாரோவில் எட்டு நாள் நடக்கப் போகிறேன், மருத்துவர் திரும்பச் சொன்னால் திரும்புவேன்" என்று போடுங்கள். இப்படி எழுதியதால் யாருக்கும் வசூல் குறைந்து நான் பார்க்கவில்லை. இறந்தவர் பெயரில் ஏதாவது செய்ய விரும்பினால் அதை உச்சியில் வைக்காமல் பர்ராங்கோவிலோ ஷிராவிலோ வைத்துக்கொள்ளுங்கள், அங்கே நிச்சயம் போய்ச் சேர்வீர்கள். அறக்கட்டளையிடம் எழுத்தில் கேட்க வேண்டியது இது: உச்சிக்குப் போகும் இரவில் எத்தனை பேருக்கு ஒரு கைடு? ஒருவர் திரும்பினால் அவரோடு யார் இறங்குவார்? இரண்டு பேருக்கு ஒரு கைடு என்றால் நல்லது. ஆறு பேருக்கு ஒருவர் என்றால், நீங்கள் திரும்புவது மற்றவர்களின் ஏற்றத்தையும் கெடுக்கும் என்ற பயத்திலேயே வாயைத் திறக்க மாட்டீர்கள். ஆக்ஸிஜன் சிலிண்டர், தூக்குப் படுக்கை, மருத்துவர் யார் என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

பணத்தைப் பற்றி. நீங்கள் திரட்டும் 4,500 பவுண்டில் ஏறத்தாழ பாதி உங்கள் விமானத்துக்கும் மலைக்கும் போகும். இது திருட்டு அல்ல, இந்த ஏற்பாட்டின் இயல்பே அதுதான், நல்ல அறக்கட்டளைகள் வெளிப்படையாகச் சொல்லிவிடும். ஆனால் கொடுக்கும் உங்கள் சித்தப்பாவுக்கு அது தெரியுமா என்று ஒருமுறை யோசியுங்கள். எனக்குப் பிடித்த வழி, பயணச் செலவை நீங்களே கட்டிவிடுவது. பல அமைப்புகள் அதற்கு இடம் தருகின்றன. அப்படிச் செய்தால் திரட்டிய ஒவ்வொரு பவுண்டும் நோக்கத்துக்கே போகிறது என்று தைரியமாகச் சொல்லலாம். வரியிலும் ஓர் அனுகூலம் உண்டு. கிஃப்ட் எய்ட் என்ற பிரிட்டன் வரிச்சலுகை மூலம் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்க்கிறது அல்லவா. அறக்கட்டளை உங்கள் பயணச் செலவை ஏற்கும்போது, உங்களுக்கும் உங்கள் கணவர், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் போன்ற நெருங்கிய உறவுகளுக்கும் அந்தச் சலுகை பொதுவாகக் கிடைக்காது, ஏனென்றால் அந்தக் கொடையால் நீங்களே பயன் பெறுகிறீர்கள். தாய்மாமா, அப்பாவின் உடன்பிறந்த அத்தை, சித்தப்பா, பெரியம்மா பிள்ளைகள் எல்லாம் அந்தத் தடைக்குள் வருவதில்லை. நம் குடும்பங்களில் கொடுப்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கூட்டம்தான் என்பதால் பயப்பட வேண்டாம், ஆனால் படிவத்தில் கண்ணை மூடிக்கொண்டு டிக் போடச் சொல்லாதீர்கள். இலக்கை எட்ட முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் கையெழுத்துக்கு முன் படியுங்கள். மிச்சத்தை நீங்கள் கட்ட வேண்டும் என்று இருக்கும், அல்லது இடம் போய்விடும், முன்பணம் எப்படியும் திரும்பாது. அறக்கட்டளையின் பதிவு எண்ணை சாரிட்டி கமிஷன் இணையதளத்தில் பாருங்கள். விமானத்தோடு சேர்த்து விற்கப்படும் பயணம் என்றால் அட்டோல் சான்றிதழ் கேளுங்கள். ஏற்பாட்டு நிறுவனம் திவாலானால் அதுதான் காப்பாற்றும். காப்பீடு 6,000 மீட்டர் வரையிலான நடையையும் ஹெலிகாப்டர் மீட்பையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீடுகள் இதில் பாதி உயரத்திலேயே கை கழுவிவிடும்.

யாரும் கேட்காத ஒன்று இருக்கிறது, உங்கள் கேள்வியிலும் அது இல்லை. நீங்கள் ஒருவர் ஏற ஏறத்தாழ மூன்று போர்ட்டர்கள் வேலை செய்கிறார்கள். கூடாரம், சாப்பாடு, எரிவாயு, நாற்காலி, சில குழுக்களில் கழிப்பறைக் கூடாரம்கூட அவர்கள் தலையிலும் தோளிலும்தான் போகிறது. பூங்கா விதிப்படி ஒருவர் 20 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது, நுழைவாயிலில் எடை போடுகிறார்கள். ஆனால் கூலி, இரவில் போர்த்திக்கொள்ள என்ன இருக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பாடு என்பதெல்லாம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தொலைதூரத்து நோயாளிக்காக நிதி திரட்டிக்கொண்டு, பையைச் சுமக்கிறவன் ஒருவேளைச் சோற்றில் குளிரில் கிடப்பதைப் பார்க்காமல் ஏறுவது எனக்குச் சகிக்காத காட்சி, பார்த்தும் இருக்கிறேன். மலையடிவார நகரமான மோஷியில் கிளிமஞ்சாரோ போர்ட்டர்ஸ் அசிஸ்டன்ஸ் ப்ராஜெக்ட் என்று ஓர் அமைப்பு 2003 முதல் இயங்குகிறது. நியாயமாக நடத்தும் நிறுவனங்களை அது கண்காணித்துப் பட்டியலிடுகிறது. உங்கள் அறக்கட்டளை அமர்த்தியிருக்கும் உள்ளூர் நிறுவனம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். டிப்ஸ் என்பது அங்கே விருப்பம் அல்ல, சம்பளத்தின் ஒரு பகுதி. ஆளுக்கு 200 முதல் 300 டாலர் வரை ரொக்கமாக எடுத்துப் போக வேண்டியிருக்கும். அதைக் கடைசி நாள் எல்லோர் முன்னிலையிலும், யாருக்கு எவ்வளவு என்று சத்தமாக வாசித்துக் கொடுப்பது நல்லது. தலைமைக் கைடு கையில் மொத்தமாகத் திணித்துவிட்டு பஸ் ஏறாதீர்கள்.

முன்பின் தெரியாத நாடு, தெரியாத மனிதர்கள் என்ற பயத்தை நான் அதிகம் பொருட்படுத்த மாட்டேன். கிளிமஞ்சாரோ விமான நிலையத்தில் இறங்கியதிலிருந்து திரும்பும்வரை உங்களைத் தனியே விட மாட்டார்கள். மோஷியில் இருட்டிய பிறகு தனியாகச் சுற்றாமல், கைபேசியைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்காமல் இருந்தால் போதும். தனியாக வரும் பெண்களை வேறொரு பெண்ணோடு கூடாரத்தில் சேர்ப்பார்கள், குறட்டைக்குக் காதடைப்பான் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாளுக்குள் யாருக்கு வயிறு கலங்கியிருக்கிறது என்பது வரை எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிடும். சாப்பாடு நமக்கு அந்நியமாக இருக்காது. கிழக்கு ஆப்பிரிக்காவில் சப்பாத்தியும் சமோசாவும் அவர்கள் வீட்டுப் பண்டம், சைவம் என்று முன்னாலேயே சொன்னால் தனியாகச் சமைப்பார்கள். பிரச்சினை ருசியில் இல்லை. 4,000 மீட்டருக்கு மேல் பசியே போய்விடும், ஆனால் சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும். ஒரு சிறு டப்பா எலுமிச்சை ஊறுகாயும் கொஞ்சம் பருப்புப் பொடியும் அங்கே பெரிய உதவி. குழுவில் இருந்த வெள்ளைக்காரர்களும் கடைசியில் அந்த டப்பாவுக்குத்தான் கை நீட்டினார்கள்.

பயிற்சிக்கு ஆறு மாதம் போதும். வாரத்தில் மூன்று நாள் வேக நடை, வார இறுதியில் முதுகில் ஆறேழு கிலோவோடு நீண்ட நடை. லண்டனுக்குப் பக்கத்துக் குன்றான பாக்ஸ் ஹில்லில் தொடங்கி, கடைசி மாதங்களில் வேல்ஸின் ஸ்னோடன் மலைக்கு இரண்டு நாள் தொடர்ந்து ஏறி இறங்குங்கள். இறங்குவதை யாரும் பழகுவதில்லை. உச்சி நாளில் நள்ளிரவில் தொடங்கி 1,200 மீட்டர் ஏறி, அன்றே ம்வேக்கா முகாம் வரை ஏறத்தாழ 2,800 மீட்டர் இறங்க வேண்டும். முழங்கால்கள் உங்களை அங்கேதான் திட்டும். பூட்ஸ் புதிதாக வேண்டாம், இருநூறு மைலாவது அதில் நடந்திருக்க வேண்டும். கனமான தூக்கப்பை, பஞ்சு ஜாக்கெட் எல்லாம் மோஷியிலேயே வாடகைக்குக் கிடைக்கும், வாங்கிக் குவிக்காதீர்கள். உச்சி இரவில் குளிர் மைனஸ் பத்து, பதினைந்துக்குப் போகும், முதுகுப்பையிலிருந்து உறிஞ்சிக் குடிக்கும் தண்ணீர்க் குழாய் உறைந்துவிடும், அன்று பாட்டில்தான். மார்ச் நடுவிலிருந்து மே வரையிலான பெருமழையையும் நவம்பரையும் தவிர்த்த தேதியாகப் பாருங்கள். பிளாஸ்டிக் பைகளுக்குத் தான்சானியாவில் 2019 ஜூன் முதல் தடை, ஆகவே உடைகளைத் துணிப்பைகளில் பிரித்துக் கட்டுங்கள்.

தடுப்பூசி, மலேரியா மாத்திரை இவற்றுக்குக் கிளம்புவதற்கு எட்டு வாரம் முன்பே பயண மருத்துவ மையத்துக்குப் போய்விடுங்கள். மலை மேல் மலேரியா இல்லை, ஆனால் மோஷியில் உண்டு. திரும்பி வந்த சில மாதங்களுக்குள் காய்ச்சல் அடித்தால் தான்சானியா போனதை முதல் வாக்கியத்திலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். மலை முடிந்து நேரே மதுரைக்கு அம்மாவைப் பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள், அதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. மோஷியிலிருந்து இந்தியா போகும் விமானங்கள் பெரும்பாலும் அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகத்தான். எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் நாடுகள். அங்கிருந்து ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்குபவரிடம், அந்தக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டதற்குச் சான்றான மஞ்சள் அட்டை கேட்பார்கள். விமான நிலையத்தை விட்டு வெளியே வராதவர்களுக்கு விலக்குத் தருவது சுகாதார அதிகாரியின் கையில். அட்டை இல்லாவிட்டால் தனிமைப்படுத்தி வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. பிரிட்டனில் அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டுமே இந்த ஊசி போடுவார்கள், போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் அட்டை செல்லும், பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். ஊசி ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் சொன்னாலோ, போட விருப்பம் இல்லாவிட்டாலோ, மதுரைப் பயணத்தை லண்டன் திரும்பி ஒரு வாரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள், அல்லது தோஹா வழியாகப் போகும் விமானமாகப் பாருங்கள். தான்சானியா அன்றைய தேதியில் இந்தியாவின் பட்டியலில் இருக்கிறதா என்பதை மட்டும் டிக்கெட் போடும் முன் இந்தியத் தூதரக இணையதளத்தில் பார்த்துவிட வேண்டும்.